வீட்டில் கட்டிய காரில் பேலன்ஸ் பார்: ஓட்டித் தெரிந்துகொண்டது

மாருதி 800 இன்ஜினைப் பின்னால் வைத்து நாங்கள் கட்டிய ஒற்றை சீட் கார் இது. ரோட்டுக்கு இல்லை, கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் ரேஸ் டிராக்கான கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்ட மட்டும். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், ரெண்டுமே 800 சாமான்தான். அது முன்பக்கம் கனமான காருக்குக் கணக்குப் போட்ட பிரேக். இன்ஜின் பின்னால் போனதும் பின் சக்கரம் இன்னும் நிறையப் பிடிக்க முடியும், ஆனால் பிடிக்காது. முன் சக்கரம் சீக்கிரமே லாக் ஆகிவிடும், அதாவது சுற்றாமல் வழுக்கும்.

அதனால் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி மாஸ்டர் சிலிண்டர் (மிதிக்கும் விசையை பிரேக் ஆயில் அழுத்தமாக மாற்றுவது), நடுவில் பேலன்ஸ் பார். பெடல் விசையை ரெண்டு சிலிண்டருக்கும் பங்கிடும் கம்பி இது, திருகினால் பங்கு மாறும். பாரைத் திருகியே எல்லாவற்றையும் சரிக்கட்டலாம் என்று நினைக்க வேண்டாம். பெரிய வித்தியாசத்தை சிலிண்டர் சைஸில்தான் எடுக்க வேண்டும், பார் கடைசித் திருத்தத்துக்கு. நாங்கள் முன்னால் முக்கால் இன்ச், பின்னால் 5/8 இன்ச் போட்டோம். சிலிண்டர் சிறுத்தால் அழுத்தம் கூடும். ஒரே விசைக்குப் பின் லைனில் 44 சதவீதம் அதிகம்.

காரைத் தூக்கி வைத்து, ஒருவர் பெடலை மெதுவாக அழுத்த, இன்னொருவர் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்ப்பது ஆரம்பத்துக்குச் சரி. அதை நம்பி நிறுத்திவிடக் கூடாது. வேகமாக வந்து ஓங்கி மிதிக்கும்போது எடை முன்னால் சாய்ந்து பின்பக்கம் லேசாகிவிடும். அந்த நிலையில் முன் சக்கரம் ஒரு துளி முந்தி லாக் ஆக வேண்டும். பின் சக்கரம் முந்தினால் கார் சுழன்றுவிடும். வெளியே நின்று சக்கரத்தைப் பார்க்க ஓர் ஆள் கட்டாயம் வேண்டும்.

நாள்பட ஓட்டும்போது நிஜமாகத் தொல்லை கொடுப்பது பின் டிரம். டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் ஷூ தேயத் தேய, பின் சிலிண்டரைத் தள்ளும் புஷ் ராடு அதிக தூரம் போகும், பார் ஒருபக்கம் சாயும். ஓங்கி மிதித்த நிலையில் பார் பெடலுக்கு நேர் குறுக்காக நிற்க வேண்டும். சாய்ந்து முட்டிக்கொண்டால் விசையைச் சரியாகப் பங்கிடாது. கோவை கணபதியில் எங்களுக்கு லேத் வேலை செய்து தரும் அண்ணன், "மொதல்ல ஷூவ டைட் வைங்க தம்பி, அப்புறம் பாரத் தொடலாமுங்க" என்பார். அது அப்படியே உண்மை. பாருக்கு நடுவில் உருண்டை பேரிங் இருக்கும் குழாயில் செம்மண் தூசி கிரீஸோடு கலந்து பசையாக அப்பிக்கொள்ளும். அதையும் துடைத்துப் புது கிரீஸ் வையுங்கள்.

ஆடிச் சாரலில் டிராக் நனைந்தால் பிடிப்பு குறையும், முன்னால் சாயும் எடையும் குறையும். அப்போது பாரைத் திருகி, பின்பக்கத்துக்குப் போகும் விசையைக் கொஞ்சம் கூட்டுகிறோம். காய்ந்ததும் பழைய இடத்துக்குக் கொண்டுவர, திருகில் பெயின்ட் குறி இருக்கிறது.

அடுத்த காரில் பின்னாலும் டிஸ்க்தான். சிலிண்டர் சைஸைப் புதிதாகக் கணக்குப் போட வேண்டும். டிரம் சுற்றும்போது ஷூவை இழுத்து இன்னும் இறுக்கிக்கொள்ளும், டிஸ்கில் அந்த உதவி கிடையாது.