சாம்பாரை எதில் கட்டுவது? மாற்றுப் பொருட்களோடு ஆறு ஆண்டுகள்

திருச்சியில் முப்பது பேர் உட்காரக்கூடிய ஒரு சிறிய மெஸ்ஸை நானும் என் மனைவியும் நடத்தி வருகிறோம். உட்கார்ந்து சாப்பிடுபவர்களுக்கு வாழை இலையும் எவர்சில்வர் டம்ளரும்தான் என்பதால் அந்தப் பக்கம் எந்தச் சிக்கலும் எழுந்ததில்லை. ஆனால் வியாபாரத்தில் ஏறக்குறைய பாதி பார்சல். இந்த அனுபவக் குறிப்பு அந்தப் பாதியைப் பற்றியது.

ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை என்று தமிழ்நாடு அரசு 2018 ஜூன் மாதத்திலேயே அறிவித்துவிட்டது. உணவு கட்டும் பிளாஸ்டிக் தாள், தெர்மோகோல் தட்டு, பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளை, கேரி பேக், உறிஞ்சுகுழல் எனப் பட்டியலைப் படித்தபோது எங்கள் பார்சல் மேசையையே யாரோ பார்த்து எழுதியது போலிருந்தது. அதுவரை பிளாஸ்டிக் தாளின் மேல் ஒரு துண்டு இலையை வைத்து, அதில் இட்லியை அடுக்கி, செய்தித்தாளில் சுற்றி நூல் கட்டுவோம். சாம்பாரையும் சட்னியையும் மெல்லிய பாலித்தீன் பைகளில் ஊற்றி முடிச்சுப் போடுவோம். கொதிக்கும் சாம்பார் பட்டுப் பை நெகிழ்வதைப் பார்த்துக்கொண்டேதான் பல ஆண்டுகள் அதைச் செய்தோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

திடப் பொருட்களுக்கு மாற்று கிடைப்பது எதிர்பார்த்ததைவிட எளிதாக இருந்தது. எங்களிடம் பார்சல் கட்டும் அண்ணன், இளமையில் வேறு ஓட்டல்களில் மந்தாரை இலையில் பொட்டலம் கட்டிப் பழகியவர். காய்ந்த மந்தாரை இலைகளை ஈர்க்குச்சியால் தைத்த தையல் இலையில் சிறிது தண்ணீர் தெளித்து வைத்தால் அது மடிப்புக்கு இணங்கும் என்பதும், வாழை இலையைத் தணலில் லேசாக வாட்டினால் மடிக்கும்போது கிழியாது என்பதும் அவர் கைக்குத் தெரிந்திருந்தன. மேலே ஒரு வெள்ளைத் தாள், குறுக்கே நூல், அவ்வளவுதான். செய்தித்தாளை அப்போதே விட்டுவிட்டோம்; அச்சு மை உணவில் ஏறும் என்பதால் உணவுப் பாதுகாப்பு விதிகள் அதை எப்படியும் அனுமதிப்பதில்லை. வாழை இலையில் இருக்கும் ஒரே தொல்லை விலைதான். நாங்கள் மாறிய அந்த ஜனவரியில், 2018 நவம்பரில் அடித்த கஜா புயல் டெல்டாவின் வாழைத் தோட்டங்களைச் சாய்த்துவிட்டுப் போயிருந்தது. போதாக்குறைக்குத் தை மாத முகூர்த்தங்களும் வந்து சேர, ஒரு கட்டு இலை வாங்கும்போதெல்லாம் கை நடுங்கியது. இன்றும் முகூர்த்த நாட்களில் மந்தாரைக்கு மாறிவிடுகிறோம்.

பாக்கு மட்டைத் தட்டுகளை வளைகாப்பு, நிச்சயதார்த்தம் போன்ற வெளி ஆர்டர்களுக்கு வாங்கினோம். சேலம் மாவட்டத்து ஆத்தூர் பக்கத்திலிருந்து எங்களுக்கு வருகின்றன. மரத்திலிருந்து தானாக உதிர்ந்த மட்டையைக் கழுவி, ஊறவைத்து, சூடான அச்சில் அழுத்தினால் தட்டு. பசையும் இல்லை, பூச்சும் இல்லை. உறுதியில் இதற்கு இணை கிடையாது, ரசம் ஊற்றினாலும் அரை மணி நேரம் தாங்கும். ஆனால் ஐப்பசி மழையில் மூட்டையைத் திறக்காமல் வைத்திருந்த ஒரு முறை, பாதித் தட்டுகளில் பூஞ்சை பூத்துவிட்டது. அதிலிருந்து மழைக்காலத்தில் பத்து நாள் தேவைக்கு மேல் வாங்குவதில்லை. வந்தவுடன் வெயிலில் காயவைக்கிறோம். 2025 மே மாதத்தில் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம், பாக்கு மரத்தில் இயல்பாக உள்ள அரெகோலின் போன்ற ஆல்கலாய்டு வேதிப்பொருட்கள் உணவில் இறங்கக்கூடும் என்று சொல்லி இத்தட்டுகளை ஏற்க முடியாது என்று அறிவித்தது. தலைமுறைகளாக நாம் புழங்கும் மரம் என்பது மட்டுமே அதற்கு மறுமொழி ஆகிவிடாது என்று நினைப்பதால், சூடான குழம்பை நெடுநேரம் இதில் வைக்க வேண்டாம் என்று வாங்குபவர்களிடம் சொல்லிவிடுகிறேன்.

உண்மையான போராட்டம் சாம்பாரில்தான் தொடங்கியது. இட்லி எதிலும் உட்கார்ந்துகொள்ளும்; சாம்பார் அப்படியல்ல, அது சூடு, எண்ணெய், புளி, நீர் என நான்கு பக்கமும் தாக்குகிறது.

முதலில் வந்தவை "மக்கும் பை" என்று ஒரு விற்பனையாளர் கொடுத்த பைகள். பார்ப்பதற்குப் பழைய பாலித்தீன் போலவே இருந்தன, விலையும் சற்றே கூடுதல். ஆறு மாதம் கழித்துப் பரணிலிருந்து எடுத்தபோது மீதமிருந்தவை கையில் பட்டதும் பொரிந்து செதில் செதிலாக உதிர்ந்தன. மக்கிவிட்டதே என்று மகிழ வேண்டிய காட்சி அல்ல அது. சாதாரணப் பாலித்தீனில் உலோக உப்புகளைக் கலந்து, வெயிலிலும் காற்றிலும் நொறுங்கும்படி செய்த ஆக்ஸோ வகைப் பை அது. நொறுங்கிய ஒவ்வொரு செதிலும் அதே பாலித்தீன்தான். ஐரோப்பிய ஒன்றியம் இந்த வகையை 2021 ஜூலை முதல் சந்தையிலிருந்தே விலக்கிவிட்டது. வாங்கும் முன் மக்கும் பிளாஸ்டிக்குக்கான ஐ.எஸ்./ஐ.எஸ்.ஓ. 17088 தர எண்ணும், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழும் உண்டா என்று கேட்க வேண்டும் என்பதை நான் அந்தச் செதில்களைக் கூட்டித் தள்ளிய அன்றுதான் கற்றுக்கொண்டேன்.

அடுத்து சான்றிதழோடு கூடிய கம்போஸ்டபிள், அதாவது உரமாக மக்கக்கூடிய, பைகளும், பி.எல்.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் பாலிலாக்டிக் அமிலத்தால் ஆன மூடியுள்ள குவளைகளும் வந்தன. சோளம் போன்றவற்றின் மாவுச்சத்திலிருந்து எடுக்கப்படும் இந்தப் பொருள் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும், மோருக்கும் பழச்சாறுக்கும் மிகப் பொருத்தம். ஆனால் சாதாரண பி.எல்.ஏ. ஏறக்குறைய 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடும். எங்கள் சாம்பாரோ அடுப்பிலிருந்து இறங்கியதும் 80 டிகிரிக்கு மேல். முதல் குவளை என் கண்முன்னே இடுப்பொடிந்து சாய்ந்தது. பைகள் சூட்டைத் தாங்கின, ஆனால் முடிச்சுப் போடும் இடத்தில் கிழிந்தன.

கரும்புச் சக்கைக் கிண்ணம்தான் இவற்றுள் தேறியது. சூடான சாம்பார் ஒரு மணி நேரம் வரை கசியவில்லை. அதன் பிறகு அடிப்பகுதி மெத்தென்று ஆகிறது. பொங்கலுக்கும் தயிர்சாதத்துக்கும் குறையே இல்லை. ஆனாலும் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். எண்ணெய் ஊறாமல் இருப்பதற்காகச் சில தயாரிப்பாளர்கள் புளோரின் சேர்ந்த பி.எஃப்.ஏ.எஸ். வேதிப்பொருட்களைக் கூழில் கலப்பதுண்டு. அவை மண்ணில் எளிதில் சிதையாதவை என்பதால், அவை கலக்கவில்லை என்று எழுத்துமூலம் தருபவரிடமே வாங்குகிறேன். இன்னொன்று, சக்கை வீணாகக் கிடக்கும் குப்பை என்ற விளம்பரப் பேச்சு. சர்க்கரை ஆலைகள் அதைக் கொதிகலனில் எரித்து மின்சாரம் எடுக்கின்றன, எங்களுக்கு அருகிலேயே கரூர் மாவட்டம் புகளூரில் உள்ள காகித ஆலை அதில்தான் தாள் செய்கிறது. எல்லோருக்கும் வேண்டிய பொருள் என்பதால் மலிவாகவும் இருப்பதில்லை: பழைய பாலித்தீன் பை இருபது பைசாவுக்கும் குறைவு, மூடியுள்ள சக்கைக் கிண்ணம் எனக்கு நான்கு ரூபாய்க்கு மேல்.

மக்கும் என்ற சொல்லை நானே சோதித்துப் பார்க்க ஆசைப்பட்டு, கொல்லையில் இருந்த எருக்குழியில் வாழை இலை, பாக்குத் தட்டு, சக்கைக் கிண்ணம், கம்போஸ்டபிள் பை, பி.எல்.ஏ. கரண்டி ஆகியவற்றை ஒரே நாளில் புதைத்தேன். இலை மூன்று வாரத்தில் அடையாளம் தெரியாமல் போனது. கிண்ணம் இரண்டரை மாதத்திலும் பாக்குத் தட்டு நாலரை மாதத்திலும் மண்ணோடு கலந்தன. பை ஆறாவது மாதத்திலும் கந்தல் துண்டுகளாகக் கிடந்தது. கரண்டியை ஓராண்டு கழித்து எடுத்துக் கழுவினால், மறுபடியும் அதில் பாயசம் சாப்பிடலாம் போலிருந்தது. பொருளில் மோசடி இல்லை. 58 டிகிரி வெப்பத்தில் நடத்தும் சோதனையில் 180 நாளுக்குள் 90 விழுக்காடு சிதைய வேண்டும் என்பதுதான் முன்பு சொன்ன 17088 தரத்தின் அளவுகோல், அந்த வெப்பம் பெரிய உரத் தொழிற்கூடங்களில் தொடர்ந்து கிடைக்கும், என் கொல்லையில் கிடைக்காது. எங்கள் பார்சலை வாங்கிச் செல்பவரின் குப்பைத் தொட்டியிலும், அங்கிருந்து போய்ச் சேரும் மேட்டிலும் கிடைக்குமா என்பதை அவரவர் ஊகிக்கலாம். இந்தச் சோதனைக்குப் பிறகு பி.எல்.ஏ. பொருட்கள் வாங்குவதை நிறுத்திவிட்டேன்.

சாம்பாருக்கு வந்த உருப்படியான விடை எந்தக் கடையிலும் விற்பதில்லை. 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை இயக்கம் தொடங்கிய சமயத்தில், சொந்தப் பாத்திரம் கொண்டுவந்தால் பில்லில் ஐந்து ரூபாய் குறைவு என்று பலகை எழுதி வைத்தோம். முதல் மாதம் ஏறக்குறைய எல்லாரும் சிரித்துவிட்டுப் போனார்கள். பிறகு எவர்சில்வர் தூக்குகள் நாற்பது வாங்கி, நூறு ரூபாய் முன்பணத்துக்குக் கொடுத்து, திருப்பித் தரும்போது பணத்தையும் தந்தோம். பதினொரு தூக்குகள் திரும்பவில்லை. முன்பணம் இருப்பதால் நட்டம் பெரிதில்லை. இன்று காலை நேரத்தில் வரும் அறுபது பார்சல்காரர்களில் இருபதுக்கு மேற்பட்டோர் தூக்கோடு வருகிறார்கள், பெரும்பாலும் அருகில் குடியிருக்கும் வயதானவர்களும், நடைப்பயிற்சி முடித்துத் திரும்புபவர்களும்.

செயலி வழியாக வரும் ஆர்டர்களில் இது நடக்கவில்லை. இருசக்கர வண்டியில் குலுங்கி நாற்பது நிமிடம் பயணம் செய்யும் சாம்பாருக்குச் சக்கைக் கிண்ணத்தின் மூடி ஈடுகொடுக்கவில்லை. இரண்டு மாதம் கசிவுப் புகார்களையும் பணம் திருப்பியதையும் பார்த்துவிட்டு, அவற்றுக்கு மட்டும் தடிமனான பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக் டப்பாவுக்குத் திரும்பிவிட்டேன். சட்னியைக் கெட்டியாக அரைத்து வாட்டிய வாழை இலையில் தனியாகக் கட்டுவதால் ஒரு டப்பா மிச்சமாகிறது. ரசத்துக்கு இன்னும் வழி தெரியவில்லை. செயலி ஆர்டர்களின் பட்டியலிலிருந்து அதை எடுத்துவிட்டோம்.