படகு டேஷ்போர்டு வேலையில் நான் ஏமாந்தது: தடைக்காலத்தில் வேலை கொடுப்பவர்கள் படித்துவிடுங்கள்

மீன்பிடித் தடைக்காலத்தில் படகு ரிப்பேர் வேலை பார்க்கப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன். போன வருடம் நான் ஏமாந்த மாதிரி இன்னொருவர் ஏமாறக் கூடாது.

எங்கள் ஃபைபர் படகு அப்பா காலத்தது. வீல் முன்னால் இருந்த டேஷ்போர்டு பலகை உளுத்துப்போய், ஸ்விட்சுகளில் பாதி வேலை செய்யவில்லை. என் கையில் 20,000 ரூபாய்தான் இருந்தது. ஏப்ரல் 15 தடை தொடங்கியதும் கடலூர் முதுநகரில் படகு வயரிங் செய்யும் ஒருவரிடம் போனேன். "மரைன் பிளைவுட், மரைன் வயர், புது மீட்டர், எல்லாம் அந்தக் காசுக்குள்ள முடிச்சிடலாம் தம்பி" என்றார். 14,000 முன்பணம் கொடுத்தேன். ரசீது அவரும் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்து, தடை முடிவதற்கு முந்தின நாள் சாயங்காலம்தான் பலகையைக் கொண்டுவந்து பொருத்தினார். பிரித்துப் பார்க்க நேரமே இல்லை. கறுப்பு சன்மைக்கா பளபளவென்று இருந்தது. அப்பா தடவிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். மீதி 6,000-ஐயும் கொடுத்துவிட்டேன்.

முதலில் கோளாறு காட்டியது டீசல் மீட்டர். டேங்கை நிரப்பினால் முள் கீழே இறங்குகிறது, டீசல் குறையக் குறைய மேலே ஏறுகிறது! டேங்கில் இருக்கும் சென்சார் ஒரு வகை, அவர் மாட்டிய மீட்டர் வேறு வகை. ஒரு வகையில் டேங்க் காலியாக இருந்தால் சென்சாரின் மின்தடை 240 ஓம், நிறைந்தால் 33. இன்னொன்றில் காலிக்கு 10, நிறைந்தால் 180. இரண்டையும் கலந்தால் காலி டேங்கை நிறைந்த டேங்க் என்று காட்டும். நடுக்கடலில் அதை நம்பினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

மூன்றாவது வாரம், கரையிலிருந்து ஒன்பது கடல் மைல் தூரத்தில், ராத்திரி பதினொரு மணிக்குப் பலகைக்குப் பின்னால் கருகிய வாடை. ஜிபிஎஸ், விஎச்எஃப் வயர்லெஸ், விளக்கு எல்லாம் ஒரே நேரத்தில் அணைந்தன. பேட்டரி கனெக்‌ஷனைக் கழற்றிப் போட்டோம். டீசல் இன்ஜின் என்பதால் கரண்ட் இல்லாமலும் ஓடியது, அதுதான் எங்களைக் காப்பாற்றியது. ஏதாவது ஆகியிருந்தால் வயர்லெஸ்ஸில் அவசர உதவிக்கான 16-ஆம் சேனலில் கூப்பிடக்கூட வழியில்லை. அப்பா கலங்கரை விளக்க வெளிச்சத்தைப் பார்த்தே கரைக்குக் கொண்டுவந்தார்.

விடிந்ததும் பலகையைக் கழற்றினோம். பிளைவுட் ஓரம் ஊதி, ஏடு ஏடாகப் பிரிந்திருந்தது. சாதாரண கமர்ஷியல் பிளை. வயரைக் கத்தியால் சுரண்டினால் மேலே சிவப்பு, உள்ளே வெள்ளை: செம்பு பூசிய அலுமினியம். இணைப்புகளில் வெள்ளைத் தூள் பூத்திருந்தது. ஒரு ஃப்யூஸ்கூட இல்லை. கனெக்‌ஷன்களின் மேல் வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கானை அப்பியிருந்தார். அந்த வகையிலிருந்து வரும் அமிலம் செம்பை அரிக்கும்.

போய்க் கேட்டதற்கு, "உப்புத் தண்ணில எதுதான் நிக்கும்?" என்றார். உப்புத் தண்ணீருக்காகத்தானே மரைன் பொருள் கேட்டோம்? பழைய டெம்பரேச்சர் மீட்டர் நன்றாக வேலை செய்தது. அதைத் திருப்பிக் கேட்டதற்கு, "அது செத்துப்போச்சு, தூக்கிப் போட்டுட்டேன்" என்றார். அதில்தான் எனக்கு ரொம்பக் கோபம்.

அப்புறம் கடன் வாங்கி, புதுச்சேரி தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் வேலை பார்க்கும் மச்சானோடு உட்கார்ந்து நானே செய்தேன். ஐஎஸ் 710 (மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தரம்) முத்திரை உள்ள பிளைவுட். அறுப்பதற்கு முன்பே முத்திரையைப் பார்த்துவிடுங்கள். அறுத்த ஓரம், துளை எல்லாவற்றிலும் எபாக்ஸி பூசினோம். வயர் வெள்ளீயம் பூசிய செம்பு. அது மேலே வெள்ளையாக இருக்கும், சுரண்டினால் சிவப்பு தெரியும். ஒவ்வொரு லைனுக்கும் தனி ஃப்யூஸ். காசு பற்றாததால் சன்மைக்காவை விட்டுவிட்டு பெயின்ட் அடித்தோம். டீசல் மீட்டரை மட்டும் சென்சாருக்குப் பொருத்தமாகப் பார்த்து வாங்கினோம். மொத்தம் 11,500 ரூபாய்.

இரண்டு வடகிழக்குப் பருவமழைக்கு முன்னாலேயே உளுத்துப்போன பலகையை நம்பித்தான் நம்மில் பல பேர் கடலுக்குப் போகிறோம். வேலை கொடுத்தால் பலகையை மூடுவதற்கு முன்னால் பின்பக்கத்தை நேரில் பாருங்கள், ஃபோட்டோ எடுங்கள். பாதிக்கு மேல் முன்பணம் கொடுக்காதீர்கள். கழற்றிய பழைய மீட்டர், ஸ்விட்ச் எல்லாவற்றையும் அன்றைக்கே வீட்டுக்கு எடுத்து வந்துவிடுங்கள்.