தண்டர்பேர்டில் பழைய மடல்களைக் காப்பகப்படுத்துதல்: ஓர் அனுபவ மதிப்புரை

ஜிமெயில் இலவசமாகத் தரும் 15 ஜிபி இடம், படங்களும் டிரைவ் கோப்புகளும் அதையே பங்கிட்டுக்கொள்வதால், என் கணக்கில் ஏறத்தாழ நிரம்பிவிட்டது. மாதக் கட்டணம் செலுத்திக் கூடுதல் இடம் வாங்குவதைவிடப் பழைய மடல்களை என் கணினியிலேயே வைத்துக்கொள்வது மேல் என்று முடிவு செய்தேன். முன்பு நான் பணியாற்றிய இடத்தில் மின்னஞ்சல் சேவையை மாற்றியபோது ஆறு ஆண்டுக் கடிதங்களை ஒரே நாளில் இழந்தவன் என்பதால், கடிதங்கள் என் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு உறுதி உண்டு. அதற்காக மோசில்லாவின் தண்டர்பேர்டு என்னும் மின்னஞ்சல் மென்பொருளைத் தேர்ந்தெடுத்தேன். இது 2004 முதல் இலவசமாகக் கிடைத்துவருகிறது.

காப்பக வசதியின் அருமை அதன் எளிமையில் இருக்கிறது. மடல்களைத் தேர்ந்தெடுத்து ‘ஏ’ விசையைத் தட்டினால் போதும், அவை காப்பகக் கோப்புறைக்குச் சென்றுவிடும். எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் குவிக்கலாம். ஆண்டுவாரியாகவோ மாதவாரியாகவோ பிரித்தும் வைக்கலாம். நான் ஆண்டுவாரி முறையை வைத்துக்கொண்டு, 2005 முதல் 2019 வரையிலான மடல்களைக் கலந்தே தேர்ந்தெடுத்து அனுப்பினேன். நான் காப்பகப்படுத்திய நாளைக் கணக்கில் கொள்ளாமல், ஒவ்வொரு மடலும் தனக்குரிய தேதியைப் பார்த்து அந்தந்த ஆண்டின் கோப்புறையில் போய் அமர்ந்தது. 2011 கோப்புறையைத் திறந்தபோது, ஊர் நிலத்தின் பட்டாவை ஸ்கேன் செய்து அப்பா அனுப்பிய மடல் இணைப்போடு அப்படியே இருந்தது.

ஆனால் ஓர் அமைப்பை மாற்றாவிட்டால் இவ்வளவு உழைப்பும் வீண். ஐமேப் என்பது, மடல்களைச் சேவை நிறுவனத்தின் கணினியான சேவையகத்திலேயே வைத்துக்கொண்டு நம் கணினியில் காட்டும் முறை. அம்முறையில் இணைத்த கணக்குகளில், காப்பகம் அதே சேவையகத்தில் உருவாகும்படிதான் வழக்கமாக அமைந்திருக்கும். அப்படியானால் மடல் இடம் மாறுமே தவிர, கணக்கில் ஒரு எம்பிகூட மிச்சமாகாது. கணக்கு அமைப்புகளில் பிரதிகளும் கோப்புறைகளும் பற்றிய பக்கத்துக்குச் சென்று, காப்பகத்தின் இருப்பிடமாக, நம் கணினியில் உள்ள கோப்புறைகளைக் குறிக்கும் ‘லோக்கல் ஃபோல்டர்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஜிமெயில் பயன்படுத்துவோருக்கு இன்னொரு படியும் உண்டு. இன்பாக்ஸிலிருந்து மடலை வெளியே எடுத்தாலும், ஜிமெயிலின் வழக்கமான அமைப்பில் அதன் பிரதி ‘ஆல் மெயில்’ பகுதியில் தங்கிவிடுகிறது. கணினியில் முழுமையாக இறங்கிவிட்டதா என்று எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே, உலாவி வழியே அங்கிருந்தும் நீக்கிக் குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். அதன் பிறகே கணக்கில் இடம் காலியானது. இணைப்புகள் கனமாக இருந்ததால், ஒரு நேரத்தில் ஐந்நூறு மடல்களுக்கு மேல் நகர்த்தவில்லை.

இந்த மென்பொருளில் எனக்குக் குறையாகப் படுவது, இத்தனை மாதம் கடந்த மடல்களைத் தானாகக் காப்பகத்துக்கு அனுப்பும் ஏற்பாடு உள்ளுக்குள்ளேயே இல்லாததுதான். அவுட்லுக்கின் பழைய வடிவத்தில் அது உண்டு. இங்கே வடிகட்டி விதியோ துணை நிரலோ அமைத்துக்கொள்ள வேண்டும். இத்தனை நாளுக்கு மேற்பட்ட மடல்களை நீக்கு என்று ஓர் அமைப்பு கண்ணில் படும். அதைத் தயவுசெய்து தொடாதீர்கள். அது காப்பகப்படுத்துவதில்லை, ஐமேப் கணக்கில் சேவையகத்திலிருந்தும் சேர்த்தே அழித்துவிடும்.

வழக்கமான அமைப்பில் தண்டர்பேர்டு ஒவ்வொரு உள்ளூர்க் கோப்புறையையும் எம்பாக்ஸ் என்னும் ஒரே கோப்பாகச் சேமிக்கிறது. பல மென்பொருள்கள் படிக்கக்கூடிய திறந்த வடிவம் என்பதால், நாளை வேறொன்றுக்கு மாற நேர்ந்தாலும் கவலையில்லை. ஆயினும் கணினியின் வட்டு பழுதானால் எல்லாம் போய்விடும். ஆகவே மாதம் ஒருமுறை தண்டர்பேர்டை மூடிவிட்டு, மடல்களும் அமைப்புகளும் அடங்கிய அதன் புரொஃபைல் கோப்புறை முழுவதையும் வெளி வட்டில் நகலெடுத்து வைக்கிறேன்.

என் 2005 கோப்புறையில், யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழுக்குப் பயன்பட்ட திஸ்கி என்னும் எழுத்துக் குறியாக்கத்தில் எழுதப்பட்ட நண்பர்களின் தமிழ் மடல்கள் சில இருந்தன. திரையில் அவை வெறும் குறிகளாகத்தான் தெரிந்தன. அந்த வரிகளை நகலெடுத்து யூனிகோடு மாற்றியில் ஒட்டினேன். ‘அன்புள்ள’ என்று தொடங்கி, கடைசி வரிவரை தமிழாகவே வந்தது.