பெங்களூர் இந்திராநகரில் புராஸ்டேட் புற்றுநோய்க்கு செகண்ட் ஒப்பீனியன்: போய் வந்த அனுபவம்

என் வீட்டுக்காரருக்கு 71 வயது. புராஸ்டேட் புற்றுநோய் இடுப்பெலும்பு வரை பரவிய நிலையில்தான் தெரிய வந்தது. வேறொரு ஆஸ்பத்திரியில் ஆண் ஹார்மோனைக் குறைக்க மூன்று மாதத்துக்கு ஒரு ஹார்மோன் ஊசி, தினமும் அபிராடெரோன் மாத்திரை என்று சிகிச்சை நடக்கிறது. பிஎஸ்ஏ என்பது புராஸ்டேட் செல்கள் சுரக்கும் புரதம், ரத்தத்தில் அளப்பார்கள்; 86 இருந்தது 0.3-க்கு இறங்கிவிட்டது. "இவ்வளவு இறங்கிடுச்சே, இன்னும் எதுக்கு ஊசி?" என்று ஆரம்பித்துவிட்டார். திடீர் திடீரென்று உடம்பு அனலாகக் கொதிக்கிறது, அல்சூர் மார்க்கெட் வரை நடந்தாலே கால் சோர்ந்துவிடுகிறது. அவர் கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. பழைய இடத்தில் இதைக் கேட்டால் "கண்டினியூ பண்ணுங்க" என்று சொல்வதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். அதனால்தான் இந்த கிளினிக்கில் பதிவு செய்தேன்.

கட்டணம் 1,500 ரூபாய். ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது, பயாப்ஸிக்கு எடுத்த சதைத் துணுக்கின் கண்ணாடி ஸ்லைடையும் மெழுகு பிளாக்கையும் கேட்கிறார்கள். பழைய ஆஸ்பத்திரி லேபில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து வாங்கி வையுங்கள். காத்திருக்கும் இடத்தை ஒட்டியே கழிப்பறை இருக்கிறது. புராஸ்டேட் நோயாளியைக் கூட்டிக்கொண்டு அலைந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று தெரியும். ஆனால் 10 மணி அப்பாயின்ட்மென்டுக்கு 11.30-க்குத்தான் உள்ளே விட்டார்கள். வயதானவர்களை இப்படி உட்கார வைப்பது சரியில்லை.

உள்ளே போனதும் அந்த எரிச்சல் போய்விட்டது. டாக்டர் தஞ்சாவூர்ப் பக்கம், எங்களிடம் தமிழிலேயே பேசினார். ஸ்கேன் கவரைத் திருப்பிப் போட்டு நீலப் பேனாவால் குட்டிக் குட்டியாக வட்டங்கள் போட்டு நிரப்பினார். பிறகு சிவப்புப் பேனா எடுத்து, நடுவில் இங்கொன்றும் அங்கொன்றுமாக நாலைந்து வட்டங்கள். "இதுல சிவப்புதான் நாம பேச வேண்டியது" என்றார்.

ஆண் ஹார்மோனைக் குறைத்தால் இந்தப் புற்று அடங்கும் என்று 1941-லேயே அமெரிக்க ஆராய்ச்சியாளர் சார்லஸ் ஹக்கின்ஸ் காட்டினார், 1966-ல் நோபல் பரிசும் வாங்கினார். நாங்கள் போடும் ஊசி அந்த வழியில் வந்ததுதான். அப்புறம் டாக்டர் எலியைப் பற்றிச் சொன்னார். ஆண் எலிக்கு விதையை எடுத்துவிட்டால் புராஸ்டேட் சுருங்கிப்போகும். ஹார்மோனைத் திரும்பக் கொடுத்தால் பழையபடி வளர்ந்துவிடும். நிறுத்தினால் மறுபடி சுருங்கும், கொடுத்தால் வளரும். இப்படிப் பல சுற்று நடக்குமாம். ஹார்மோன் இல்லாமலே உயிரோடு இருந்து, தன்னையும் பெருக்கி மற்ற செல்களையும் உண்டாக்கக்கூடிய சில செல்கள் அங்கே தங்கியிருப்பதால்தான் இது முடிகிறது. அவைதான் ஸ்டெம் செல்கள். அதே குணமுள்ள செல்கள் புற்றுக்கட்டிக்குள்ளும் இருக்கின்றன; கவரில் போட்ட சிவப்பு வட்டங்கள் அவைதான். 2005-ல் இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தில் நோயாளிகளின் கட்டிகளிலிருந்து அவற்றைப் பிரித்துப் பார்த்தார்கள். ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவில்தான் கிடைத்தன.

எங்களுக்கு உறைத்தது அடுத்து அவர் சொன்னதுதான். பிஎஸ்ஏ சுரப்பது பெரும்பாலும் ஹார்மோனுக்குக் கட்டுப்பட்ட நீலச் செல்கள். சிவப்பு அதைக் கொஞ்சமாகச் சுரக்கும், இல்லையென்றால் சுரக்கவே சுரக்காது. பிஎஸ்ஏ குறைவாக உள்ள செல்கள்தான் ஹார்மோனைக் குறைத்தாலும் தாக்குப்பிடித்துக் கட்டியை மறுபடி வளர்க்கின்றன என்பதை 2012-ல் அமெரிக்காவின் எம்.டி. ஆண்டர்சன் மையத்து ஆராய்ச்சியாளர்கள் எலிகளில் காட்டியிருக்கிறார்கள். ஆக 0.3 என்றால் நீலம் அடங்கியிருக்கிறது என்று அர்த்தம். சிவப்பைப் பற்றி அந்த எண் ஒன்றும் சொல்லாது.

இவர் விடவில்லை. "அந்தச் செல்லு ஊசிக்கே அடங்காதுன்னா, ஊசி எதுக்கு டாக்டர்?"

டாக்டர் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "சார், இப்ப உங்க இடுப்பு வலி குறைஞ்சிருக்குல்ல? அது இந்த நீலம் எல்லாம் அடங்கினதால. ஊசியை நிறுத்தினா இது கிளம்பிடும். சிவப்பு இருக்கேன்னு நீலத்தையும் அவிழ்த்து விடலாமா?" இடைவெளி விட்டு ஊசி போடும் முறை ஒன்று உண்டு, எலும்புக்குப் பரவியவர்களுக்கு அவர் அதைச் சொல்வதில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார். அதற்குப் பிறகு இவர் ஊசியைப் பற்றி முணுமுணுக்கவில்லை.

புற்று மறுபடி கிளம்புவதற்கு இந்தச் சிவப்புச் செல்கள்தான் முழுக் காரணம் என்றும் டாக்டர் அடித்துச் சொல்லவில்லை. சாதாரணப் புற்றுச் செல்லே ஹார்மோனைப் பிடிக்கும் ஏற்பியை மாற்றிக்கொண்டோ பெருக்கிக்கொண்டோ மருந்துக்குத் தப்புவது அடிக்கடி நடக்கிறது. நீலச் செல்லே சிவப்புக் குணத்துக்கு மாறுவதும் உண்டு. இதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் வாதம் ஓய்ந்தபாடில்லை. சிவப்புச் செல்களை மட்டும் குறிவைத்து அழிக்க அங்கீகரிக்கப்பட்ட மருந்து எதுவும் இல்லை. "அதனால பிஎஸ்ஏ-வை மட்டும் பார்த்துட்டு நிம்மதியா இருந்துடாதீங்கம்மா. புதுசா எலும்பு வலி, எடை குறையறது, நடக்கத் தடுமாறறது, எதுவா இருந்தாலும் நம்பர் நல்லா இருக்கேன்னு தள்ளிப்போடாம வாங்க" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். காலில் பலம் குறைந்தாலோ சிறுநீர் கட்டிக்கொண்டாலோ அன்றே எமர்ஜென்சிக்குப் போக வேண்டும், முதுகுத்தண்டு அழுத்தப்படுவதாக இருக்கலாம் என்பதைக் கவரில் தமிழில் எழுதியே கொடுத்தார்.

நாத்தனார் அனுப்பிய வாட்ஸ்அப் விளம்பரத்தையும் காட்டினேன். ஸ்டெம் செல் ஊசியால் புராஸ்டேட் புற்றைக் குணப்படுத்துகிறார்களாம், பல லட்சம். முழுவதும் படித்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஒரு பைசா கொடுக்காதீங்க" என்றார். ரத்த நோய்களுக்குச் செய்யும் எலும்பு மஜ்ஜை மாற்று போன்றவை தவிர, ஸ்டெம் செல்லை வேறு நோய்க்கு வழக்கமான சிகிச்சையாகக் கொடுக்கக் கூடாது, அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே செய்யலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதல் சொல்கிறது. கட்டிக்குள் இருக்கும் ஸ்டெம் செல் குணமுள்ள செல் ஒன்று, இவர்கள் விற்பது வேறொன்று. பெயர் ஒன்றாக இருப்பதைக் காட்டி, பயந்து கிடக்கிற குடும்பங்களிடம் பணம் பறிக்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது.

குறை என்றால் இன்னொன்று. டாக்டர் அவ்வளவு நேரம் விளக்கியும், பிறகு மெயிலில் வந்த அறிக்கை மூன்றே வரி, அதுவும் நான் இரண்டு தரம் போன் செய்த பிறகு. என்னென்ன எழுத வேண்டும் என்று மேஜையிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். கவரை விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள்.

நோய் பரவி, ஹார்மோன் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு, சந்தேகங்கள் வரிசைகட்டி நிற்கிறவர்களுக்கு, தாராளமாகச் சொல்வேன். சிகிச்சையை இங்கே மாற்றிக்கொள்ளச் சொல்லி வற்புறுத்தவில்லை. பழைய டாக்டருக்கே ஒரு கடிதம் கொடுத்து அனுப்பினார்; ஊசி அங்கேயேதான் தொடர்கிறது.