சைகோன் பயணத்துக்கு வியட்நாமிய மொழி வகுப்பு என்று 14,750 ரூபாய் வாங்கிக்கொண்டு கைவிட்டவர்கள்: செட்டிநாட்டு மக்களுக்கு ஓர் எச்சரிக்கை

இன்று காலை வந்த மின்னஞ்சலோடு என் பொறுமை தீர்ந்துவிட்டது. "தங்கள் கோரிக்கை பரிசீலிக்கப்பட்டு முடித்துவைக்கப்பட்டது" என்று ஒரே வரி. பரிசீலித்தவர் யார், என்ன முடிவெடுத்தார், பணம் வருமா வராதா என்பது பற்றி ஒரு சொல்லும் இல்லை. வியட்நாமிய மொழியை ஆன்லைனில் கற்றுத் தருவதாகச் சொல்லி என்னிடம் 14,750 ரூபாய் வாங்கிக்கொண்ட ஒரு பயிற்சி நிறுவனம் அனுப்பிய பதில் அது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இருப்பதால் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் காரைக்குடி, தேவகோட்டை, கண்டனூர், பள்ளத்தூர்ப் பக்கத்தவர்களின் கைப்பேசிகளில் அவர்களுடைய விளம்பரம் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிறது. பார்த்தவர்களுக்கு யாரைச் சொல்கிறேன் என்பது புரிந்துவிடும்.

அந்த விளம்பரத்தில் முதலில் செட்டிநாட்டு வளவு வீடு ஒன்றின் முகப்பு வரும், பிறகு ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, அதன் பின் இன்று ஹோ சி மின் நகரம் எனப்படும் சைகோனின் ஆற்றங்கரை. "உங்கள் ஐயா கொண்டுவிற்கப் போன ஊருக்கு, அந்த ஊர் மொழியைப் பேசிக்கொண்டு போங்கள்" என்று ஒரு பெண் குரல் சொல்லும். கடல்கடந்து தொழிலுக்குப் போவதைக் கொண்டுவிற்பது என்று சொல்லும் நம் வழக்கம் தெரிந்த யாரோ உட்கார்ந்து எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். என் அப்பாவைப் பெற்ற ஐயா, பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் சைகோனில் ஒரு வட்டிக்கடையில் அடுத்தாளாக, அதாவது கடையை நடத்தும் ஏஜெண்டுக்கு அடுத்த நிலைப் பணியாளராக இருந்தவர். கணக்கு என்று சொல்லும் மூன்று வருட வேலைத் தவணைக்குப் போவதும் திரும்பி வந்து மறுபடி போவதுமாக இருந்தவர் அந்த ஊர்ப் பேச்சைக் கடையில் இருந்தபடியே பழகிக்கொண்டார் என்று வீட்டில் சொல்வார்கள். அங்கே தண்டாயுதபாணி கோயிலும் மாரியம்மன் கோயிலும் இன்றும் வழிபாட்டில் இருப்பதால், பங்காளிகள் சில குடும்பங்களாகச் சேர்ந்து போய்வருவதென்று பேசி முடித்திருந்தோம். விசாவுக்கும் பெரிய சிரமமில்லை. 90 நாள் வரை தங்க இ-விசா தருகிறார்கள், ஒருமுறை நுழைய அரசுக் கட்டணம் 25 டாலர். வழிகாட்டியின் வாயைப் பார்த்துக்கொண்டு சுற்றாமல், சந்தையிலும் கோயில் வாசலிலும் நாலு வார்த்தை நானே பேசவேண்டும் என்பது ஒன்றுதான் மிச்சமிருந்த ஆசை.

விளம்பரத்தில் எண்ணைப் பதிந்ததும் கவுன்சிலர் என்று ஒரு இளைஞர் அழைத்தார். நல்ல தமிழ், நல்ல பணிவு. "சைகோன் பக்கம் பேசுற மாதிரியே சொல்லித் தருவோம் சார், டீச்சரும் அந்த ஊர்க்காரங்கதான், ஒரு டெமோ கிளாஸ் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க" என்றார். மறுநாள் மாலை காணொளி அழைப்பில் உண்மையாகவே ஒரு வியட்நாமிய ஆசிரியை வந்தார். முதல் கேள்வியாக என் வயதைக் கேட்டார். வயது தெரியாமல் யாரையும் அழைக்க அவர்கள் மொழியில் வழியில்லை, அண்ணன், தம்பி, சித்தப்பா, பெரியப்பா என்று முறை வைத்துத்தான் பேசவேண்டும் என்று எளிய ஆங்கிலத்தில் விளக்கி, எனக்குரிய முறையைச் சொல்லியே கடைசிவரை அழைத்தார். நன்றி சொல்லும் "காம் அன்" என்ற இரண்டு அசைகளை நான் தட்டையாகச் சொன்னபோது, முதல் அசைக்குத் தன் வலது கையைத் தாழ்த்தி மேலே கொண்டுவந்தும், இரண்டாவதற்குக் கையைச் சமமாக நிறுத்தியும் காட்டி, நான் சரியாகச் சொல்லும்வரை விடவில்லை. சொல்லின் பொருளையே மாற்றும் குரல் ஏற்ற இறக்கங்களான தொனிகள் வியட்நாமின் வடக்கே ஆறு, சைகோன் பேச்சில் அவற்றுள் இரண்டு ஒன்றாகிவிடுவதால் ஐந்துதான் என்றும், குறுக்குக்கோடில்லாத டி (d) என்ற ரோமன் எழுத்தை வடக்கே ஹனோயில் இஸட் போலவும் தெற்கே யகரமாகவும் ஒலிப்பார்கள் என்றும் அவர்தான் சொன்னார். பக்கத்தில் இருந்த என் மனைவி, "இந்தப் பொண்ணு சொல்லிக்குடுத்தா நானே கத்துக்குவேன்" என்றாள். அந்த அரை மணி நேரத்தில் அவர்கள் என் நம்பிக்கையை முழுதாக வாங்கிவிட்டார்கள். மறுநாள் பணத்தையும் வாங்கினார்கள்.

கட்டணம் 12,500 ரூபாய், அதன்மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம் 2,250 ரூபாய், மொத்தம் 14,750 ரூபாய். மாதத் தவணையில் கட்டலாம், வட்டியே கிடையாது என்று கவுன்சிலர் திரும்பத் திரும்பச் சொன்னார். வட்டியே கிடையாது என்று செட்டிநாட்டில் வந்து சொல்வதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். விசாரித்தால், ஏதோ ஒரு நிதி நிறுவனத்தில் நம் பெயரில் கடன் எழுதி, பணத்தை அவர்கள் மொத்தமாக எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. வகுப்பு நடந்தாலும் நடக்காவிட்டாலும் தவணையை நாம்தான் கட்டியாகவேண்டும். அந்த வலையில் நான் விழவில்லை. 14,750 ரூபாயையும் யுபிஐ வழியாக ஒரே தொகையாக அனுப்பினேன். வந்த ரசீதில் ஜிஎஸ்டி தொகை இருந்தது, ஜிஎஸ்டி எண் இல்லை. கேட்டதற்கு, "சிஸ்டம் அப்டேட் ஆகுது சார், புது ரசீது வரும்" என்றார்கள். இன்றுவரை வரவில்லை. என்னிடம் வரியென்று வாங்கிய 2,250 ரூபாய் அரசுக்குப் போயிற்றா என்பதை அவர்கள்தான் சொல்லவேண்டும்.

வகுப்பு குறித்த நாளில் தொடங்கவில்லை. "பேட்ச் நிறையவில்லை" என்று தள்ளிவைத்தார்கள், பிறகு மறுபடியும் தள்ளிவைத்தார்கள். ஒருவழியாகத் தொடங்கியபோது அந்த ஆசிரியையைக் காணோம். அவருக்குப் பதிலாக, எப்போதோ பதிவுசெய்த காணொளிகளும், வாரத்துக்கு ஒருமுறை திரையில் எழுதியிருப்பதைப் படித்துக்காட்டும் ஒரு பையனும்தான் இருந்தார்கள். எங்கள் மைக்கை அவர்களே அணைத்துவைத்திருந்தார்கள். வாய்திறந்து ஒரு சொல் சொல்ல இடமில்லாத வகுப்பில் ஒருவர் எப்படிப் பேசப் பழகுவார்? காணொளிகளில் இருந்ததோ முழுக்க முழுக்க ஹனோய் உச்சரிப்பு.

பாடக்குறிப்பு என்று ஒரு பிடிஎஃப் அனுப்பினார்கள், அதை யாராவது பார்க்கவேண்டும். வியட்நாமியர் தங்கள் மொழியை ரோமன் எழுத்தில், மேலும் கீழும் தொனிக்குறிகள் இட்டு எழுதுகிறார்கள். இவர்கள் அந்தக் குறிகளை எல்லாம் சுத்தமாகத் துடைத்துவிட்டு, தமிழில் எழுத்துக்கூட்டிக் கொடுத்திருக்கிறார்கள். விளைவு, ஒரு பக்கத்தில் "மா" என்பதே ஆறு வரிகளில் ஆறு முறை அச்சாகி, எதிரே பேய், அம்மா, ஆனால், கல்லறை, குதிரை, நாற்று என்று ஆறு பொருள்கள் நிற்கின்றன. எதை எப்படிச் சொல்வது என்பதற்கு ஒரு புள்ளிகூட இல்லை. இதைப் படித்துவிட்டுச் சைகோன் சந்தையில் யாரையாவது அம்மா என்று அழைக்கத் துணிவார்களா? இதற்குத்தான் 14,750 ரூபாய்.

இனி இவர்கள் என்னைத் தட்டிக்கழித்த கதை. கவுன்சிலர் முதலில் இரண்டு முறை எடுத்தார், "டீச்சர் லீவு சார், அடுத்த வாரம் வந்துருவாங்க" என்றார். பிறகு எடுப்பதை நிறுத்திவிட்டார். அலுவலக எண்ணுக்கு அழைத்தால், அவர் வேலையை விட்டுப் போய்விட்டதாகவும், அவர் வாய்மொழியாகச் சொன்ன எதற்கும் நிறுவனம் பொறுப்பாகாது என்றும் ஒரு பெண் சொன்னார். என் புகாருக்கு ஒரு டிக்கெட் நம்பர் கொடுத்தார்கள், 48 மணி நேரத்தில் பதில் வரும் என்றார்கள். 48 மணி நேரம் கழித்துக் கேட்டால் அந்த டிக்கெட் மூடப்பட்டுவிட்டது என்று சொல்லிப் புதிய டிக்கெட் கொடுத்தார்கள். வாட்ஸ்அப் குழுவில் அட்மின் மட்டுமே எழுதலாம் என்று பூட்டிவைத்திருப்பதால், என்னோடு பணம் கட்டியவர்கள் யார் யார் என்பதையே அறிய முடியவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, இன்னும் 6,000 ரூபாய் கட்டினால் அதே ஆசிரியையோடு தனி வகுப்புக்கு மாற்றித் தருவதாக ஒருவர் அழைத்துச் சொன்னார். முதலில் காட்டியதையே இரண்டாம் முறை விற்கிறார்கள்!

பணத்தைத் திருப்பிக் கேட்டபோதுதான் சூட்சுமம் முழுதாக வெளிவந்தது. பணம் கட்டிய ஏழு நாளுக்குள் கேட்டால்தான் ரீஃபண்ட் என்பது அவர்கள் விதி. முதல் வகுப்பே அந்த ஏழு நாள் கழிந்த பிறகுதான் தொடங்கியது. வகுப்பைப் பார்க்காமல் அது மோசம் என்று ஒருவர் எப்படிக் கேட்பார்? பேட்ச் நிறையவில்லை என்று அவர்கள் தள்ளிக்கொண்டே போனதன் காரணம் இதுதான் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. வங்கிக்குப் போனேன். "நீங்களே பின் நம்பர் போட்டு அனுப்பியிருக்கீங்க, நாங்க ஒன்றும் செய்ய முடியாது ஐயா" என்று அனுப்பிவிட்டார்கள்.

என்ன செய்யவேண்டும் என்று விரிவாக எழுதலாம் என்றுதான் தொடங்கினேன், இப்போது அதற்கு மனநிலை இல்லை. டெமோவுக்கு வருபவரே பாடம் நடத்துவார் என்பதையும் வகுப்புத் தேதிகளையும் எழுத்தில் வாங்காமல் ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். ரீஃபண்ட் நாளை வகுப்பு தொடங்கும் நாளிலிருந்து கணக்கிடாதவர்களிடம் போகவே போகாதீர்கள். ஜிஎஸ்டி வாங்கினால் 15 இலக்க எண்ணைக் கேட்டு, ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதியுங்கள். இணையவழி நிதி மோசடிக்கு 1930. நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும், 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே, நமக்குச் சிவகங்கையில், இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்யலாம். கட்டிய தொகை 5 லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.

என் 14,750 ரூபாய்க்கான மனுவை அடுத்த வாரம் கொடுக்கிறேன். இதே விளம்பரத்தைப் பார்த்துப் பணம் கட்டியவர்கள் ரசீதையும், யுபிஐ விவரத்தையும், அந்த ஆறு "மா" உள்ள பிடிஎஃப்பையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள். ஒரே குறையுள்ளவர்கள் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்தே மனுச் செய்யச் சட்டத்தில் இடமிருக்கிறது.