ஸ்கூல் சாப்பாட்டுக்கு வருஷப் பணம் மொத்தமாகக் கட்டப் போறீங்களா? இதைப் படிச்சுட்டுக் கட்டுங்க

மகள் பள்ளியில் மதியச் சாப்பாடு போடும் கேட்டரிங்காரருக்கு இன்று மத்தியானம்தான் கடைசியாகப் போன் செய்தேன். "பணமெல்லாம் வராதுங்க்கா, வேணும்னா அடுத்த வருசம் கழிச்சுக்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டார். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போனது 16,500 ரூபாய். நான் எடுத்த சீட்டுப் பணம்.

பள்ளியின் பெயரைப் போடவில்லை. மகள் இன்னும் அங்கேதான் நாலாவது படிக்கிறாள். திருப்பூருக்கு வெளியே ஒரு தனியார் பள்ளி, அவ்வளவு போதும்.

நான் பனியன் கம்பெனியில் செக்கிங், வீட்டுக்காரர் பவர் டேபிளில் தையல். காலை எட்டரைக்கு உள்ளே நிற்க வேண்டும், ஒன்றரை ஷிப்ட் என்றால் வீடு வர ராத்திரி ஒன்பது. அதனால் மே மாதம் பள்ளியில் "மதியச் சாப்பாடு நாங்களே தருகிறோம், வந்து ருசி பாருங்கள்" என்று கூப்பிட்டபோது, சாமியே இறங்கி வந்த மாதிரி இருந்தது.

அந்த நாளைச் சொல்லியே ஆக வேண்டும். வாழை இலை போட்டிருந்தார்கள். அரிசியும் பருப்பும் சாதம், மேலே நெய், கத்தரிக்காய்ப் பொரியல், பச்சைப்பயறு கடைசல், கெட்டித் தயிர். கேட்டரிங்காரர் வெள்ளை வேட்டியில் தானே கரண்டியைப் பிடித்து, "இன்னுங் கொஞ்சம் போட்டுக்குங்க அக்கா, எல்லாம் நம்ம ஊட்டுச் சாப்பாடு மாதிரிதானுங்க" என்று ஒவ்வொரு இலையாகக் கேட்டுப் போட்டார். யார் சமைத்தாலும் உப்பு, புளி என்று குறை சொல்லும் என் மாமியார் இரண்டாம் முறை சாதம் வாங்கினார். அங்கேயே நான் விழுந்துவிட்டேன்.

நாளுக்கு 90 ரூபாய், 200 நாளுக்கு 18,000. மே 31க்குள் மொத்தமாகக் கட்டினால் 16,500. ஜிபேயில் ஸ்கேன் செய்தால் பள்ளியின் பெயர் வரவில்லை, ஒரு ஆளின் பெயர் வந்தது. ஆபீஸ் மேடத்திடம் கேட்டேன். "நம்ம கேண்டீன்காரர்தானுங்க, ஸ்கூல் அக்கவுண்ட் மாதிரிதான்" என்றார். அந்த 'மாதிரி'யில் நான் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. ஒரு ரோஸ் கலர் ரசீது கொடுத்தார்கள், பையில் வைத்துக்கொண்டு வந்தேன்.

ஜூனில் முதல் பத்து நாள் குறையில்லை. அப்புறம் பிள்ளை நாலரைக்கு வீடு வந்ததும் யூனிபார்மைக்கூட மாற்றாமல் காலையில் மிஞ்சிய சோற்றை நின்றுகொண்டே அள்ளித் தின்கிறாள் என்று மாமியார் சொன்னார். கேட்டால், "சாப்புட்டம்மா" என்பாள். சாப்பிடாவிட்டால் மிஸ் திட்டுவார்களாம், அதனால் அப்படி.

ஒரு நாள் லீவு போட்டிருந்தேன். மறந்துவிட்டுப் போன டைரியைக் கொடுக்கப் பள்ளிக்குப் போனேன். சரியாகச் சாப்பாட்டு நேரம். ஆம்னி வண்டியில் பத்தரைக்கே கொண்டு வந்து இறக்கிய டப்பாக்கள், சமைத்தது விடிகாலையாம். மூடியைத் திறந்தால் உள்பக்கம் வேர்த்து, சோற்றில் தண்ணீர் சொட்டுகிறது. கரண்டியில் எடுத்தால் சோறு கரண்டி வடிவத்திலேயே தட்டில் உட்காருகிறது. ஒரு குழந்தை விரலால் குத்திப் பார்த்தது, கட்டி உடையவில்லை. சாம்பார் மஞ்சள் தண்ணீர். முட்டைக்கோஸ் பொரியல் ஊசின வாடை. தயிர் என்று மெனுவில் இருந்தது மோர்.

குழாயடிப் பக்கம் இரண்டு டிரம். குழந்தைகள் வரிசையாகக் கொட்டிவிட்டுப் போகிறார்கள். "டெய்லியும் இதேதானுங்க, பக்கத்துத் தோட்டத்துக்காரரு மாட்டுக்கு எடுத்துட்டுப் போவாருங்க" என்றார் ஆயா. என் 16,500 ரூபாயில் யாருடைய மாடோ நன்றாகக் கொழுக்கிறது.

இதைவிட என்னை எரிய வைத்தது பக்கத்து ஜன்னல். அங்கே சிப்ஸ், கிரீம் பன், கலர் ஜூஸ் வியாபாரம். சோற்றைக் கொட்டிவிட்டு அங்கே போய் நிற்கிறார்கள். அந்தக் கடையும் அதே கேட்டரிங்காரருடையது! சோறு மோசமாக இருந்தால் ஜன்னலில் கூட்டம். சோற்றுக்காசு மே மாதமே வந்துவிட்டது, இனி நல்லாப் போட்டு அவருக்கு என்ன ஆகணும்? கொழுப்பு, உப்பு, சர்க்கரை அதிகமான பண்டங்களைப் பள்ளிக்குள்ளும், வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இலேயே விதி போட்டிருக்கிறது. எனக்கே இப்போது தேடிப் பார்த்துத்தான் தெரியும்.

அன்றோடு நிறுத்திவிட்டேன். மொத்தம் 31 நாள் சாப்பிட்டிருக்கிறாள். நாளுக்கு 82.50 கணக்கில் 2,557.50 போக, 13,942.50 திருப்பிக் கேட்டேன். முழு 16,500ஐக்கூடக் கேட்கவில்லை, பாருங்கள்.

ஆபீஸ் மேடம்: "அது காண்ட்ராக்ட்காரர் சமாச்சாரங்க, எங்களுக்குச் சம்பந்தமில்லை." மே மாதம் 'ஸ்கூல் அக்கவுண்ட் மாதிரி' என்றது இதே வாய்தான். கேட்டரிங்காரர் முதல் வாரம், "நாளைக்குப் பேசறனுங்க்கா." இரண்டாம் வாரம், "ஊர்ல நோம்பிங்க, முடிஞ்சு பாக்கலாம்." மூன்றாம் வாரம், "பாப்பாவுக்குச் செல்லம் ஜாஸ்திங்க்கா, மத்தவங்கெல்லாம் சாப்புடறாங்களே." பிரின்சிபாலைப் பார்க்க ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன், இரண்டு நிமிடம் பேசினார். பெற்றோர் குரூப்பில் டிரம் போட்டோவைப் போட்டேன். பத்து நிமிடத்தில் போட்டோ காணோம், அட்மின் மட்டும்தான் பேசலாம் என்று மாற்றிவிட்டார்கள். ஆனால் தனியாக எனக்கு ஏழு அம்மாக்கள் மெசேஜ் போட்டார்கள், எல்லோருக்கும் அதே கதை. ரோஸ் ரசீதைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் எறும்பு எழுத்தில் 'கட்டிய தொகை திருப்பித் தரப்படமாட்டாது'.

காங்கேயம் பக்கம் என் தங்கை மகன் அரசுப் பள்ளியில் படிக்கிறான். வாரம் ஐந்து நாளும் முட்டை, சுடச்சுடச் சோறு, அங்கேயே சமைப்பது. 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவு ஆரம்பித்தபோது எங்கள் அம்மா மூணாவது. அவர் தட்டேந்திப் போய்ச் சாப்பிட்டதைச் சொல்லும்போது நான் சிரித்திருக்கிறேன். நாமக்கல் முட்டை காசில்லாமல் அங்கே தட்டுக்கு வருகிறது, 16,500 கட்டின என் பிள்ளை வெறும் வயிற்றோடு வீட்டுக்கு வருகிறாள்.

என்ன செய்யலாம் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மணி பத்தரை ஆகிவிட்டது. அவசரமாகச் சொல்கிறேன். மாதா மாதம் கட்டுங்கள், தள்ளுபடியைப் பார்க்காதீர்கள். ஜிபேயில் வேறு ஆள் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். ரசீதின் பின்பக்கத்தைப் படியுங்கள். சமைப்பவரின் 14 இலக்க உணவு லைசென்ஸ் நம்பரைக் கேளுங்கள், நான் கேட்கவே இல்லை. முக்கியமாக, அழைக்காத ஒரு நாளில் போய்ப் பாருங்கள். மாட்டிக்கொண்டவர்களுக்கு 1915 நுகர்வோர் உதவி எண் இருக்கிறது, அதில் பதிந்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், நாம் கொடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும் என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை, அடுத்து அங்கேதான்.

அந்த ஏழு அம்மாக்களும் ரசீதைப் போட்டோ எடுத்து வையுங்கள், சேர்ந்தே போவோம். நாளையிலிருந்து நாலரைக்கு எழுந்து தூக்குப்போசி கட்ட வேண்டும், பயறு இன்னும் ஊற வைக்கவில்லை.