ஆறு ஆண்டு ஃபைபர் இணைப்பும் ஒரு ஜன்னல் கதவும்

ஃபைபர் வருவதற்கு முன் எங்கள் தெருவில் கேபிள்காரர் கொடுத்த இணையம்தான் இருந்தது. எதிர்வீட்டு மொட்டைமாடியில் ஒரு ஸ்விட்ச் பெட்டி. அந்த வீட்டில் மின்சாரம் போனால் தெரு முழுவதும் இணையம் போய்விடும். ஆறு ஆண்டுகளுக்கு முன் ஜிபான் (GPON, ஒரே ஒளியிழையைப் பல வீடுகளுக்குப் பிரித்துத் தரும் முறை) அமைப்பில் ஃபைபர் வந்தபோது அந்தத் தொல்லை அடியோடு ஒழிந்தது.

இந்த அமைப்பில் நிலையத்துக்கும் வீட்டுக்கும் நடுவே மின்சாரம் தேவைப்படும் கருவி எதுவும் இல்லை. ஒற்றை இழையில் வரும் ஒளியைக் கம்பத்துப் பெட்டியிலுள்ள ஸ்பிளிட்டர் 32 வீடுகளுக்குப் பங்கிடுகிறது; அது வெறும் கண்ணாடிதான். மோடத்துக்கு 12 வோல்ட் பேட்டரி ஒன்று வாங்கி வைத்தேன். மின்வெட்டிலும் வேலை நிற்பதில்லை. இந்த ஒன்றுக்காகவே இதை மனதாரப் பாராட்டுவேன். வீடுகளை நோக்கி வரும் நொடிக்கு 2.5 கிகாபிட் வேகத்தை எல்லா வீடுகளும் பகிர்ந்துகொண்டாலும், என் 100 மெகாபிட் திட்டத்தில் வேகம் குறைந்ததாக நினைவில்லை.

மூன்றாம் ஆண்டில்தான் அவதி தொடங்கியது. பகலில் நன்றாக ஓடும். பொழுது சாய்ந்தால் அறுந்து அறுந்து வரும், சிவப்பு விளக்கு மினுக்கும். மூன்று முறை புகார் கொடுத்தேன். வந்தவர்கள் மோடத்தை அணைத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். ஒரு நாள் இரவு மோடத்தின் அமைப்புப் பக்கத்தை நானே திறந்தேன். பெறும் ஒளி மைனஸ் 27.6 டிபிஎம் (ஒளியின் வலிமையை டெசிபல் கணக்கில் சொல்லும் அலகு; மைனஸுக்குப் பின் எண் பெருகினால் ஒளி குறைவு). இணைப்பு கொடுத்த அன்று மைனஸ் 19.8 என்று நோட்டில் எழுதி வைத்திருந்தேன். 3 டெசிபல் குறைந்தாலே ஒளி பாதியாகிவிடும். இங்கே ஆறில் ஒரு பங்குதான் மிஞ்சியிருந்தது. இவ்வகை மோடம் பெரும்பாலும் மைனஸ் 27 வரைதான் தாங்கும்.

ஒயரைத் தடவிக்கொண்டே போனேன். ஜன்னல் சட்டத்தில் அது சப்பையாக நசுங்கி மடிந்திருந்தது. கொசுவுக்குப் பயந்து மாலையில் கதவைச் சாத்துகிறோம் அல்லவா, அந்தக் கதவுதான்! திறந்ததும் எண் மைனஸ் 22க்கு ஏறியது.

அடுத்த நாள் வந்த இளைஞர் பொறுமைசாலி. சுவரில் துளை போட்டு ஒயரை உள்ளே எடுத்தார். 0.125 மில்லிமீட்டர் இழையை ஆல்கஹால் நனைத்த தாளால் துடைத்து, வெட்டி, புதிய பச்சை கனெக்டர் மாட்டினார். மைனஸ் 20.1. அதன்பின் மூன்று ஆண்டுகளாக அந்த எண் அசையவில்லை.

ஒரு குறை மட்டும் இருக்கிறது. மரத்தின் கிளைபோல் பிரியும் இந்த அமைப்பில் மாற்றுப் பாதை கிடையாது. சென்ற ஆண்டு சாலை தோண்டியபோது அடிக்கேபிள் அறுந்து, இரண்டு நாள் முப்பது வீடுகளும் தவித்தோம். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் வேறு வழியாக வரும் இரண்டாவது இணைப்பு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.